முடிச்சுக்குள் கடல்: கிழக்கு இந்தோனேசியத் தீவுகளின் கைத்துணியும் அதைத் தேடிப் போகிறவர்களும்

கிழக்குச் சும்பாவில் ஆண்கள் இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக இணையாக அணியும் பெரிய துணிக்கு ஹிங்கி என்று பெயர். பழைய ஹிங்கியை விரித்துப் பார்த்தால் ஒரு மரம் தெரியும். அதன் கிளைகளில் மண்டை ஓடுகள். போரில் கொய்த எதிரியின் தலைகளை ஊர் நடுவே மரத்தில் மாட்டி வைத்த காலத்தின் நினைவு அது. சில துணிகளில் அந்த மரத்துக்கு மேல் சிங்கங்கள் எழுந்து நிற்கும். சும்பாவில் சிங்கம் இருந்ததே இல்லை. டச்சுக்காரரின் நாணயங்களிலும் முத்திரைகளிலும் இருந்த சின்னம் துணிக்குள் நுழைந்து குடியேறிவிட்டது. சீன ஜாடிகளிலிருந்து இறங்கி வந்த டிராகன் வேறு சிலவற்றில் நெளிகிறது. நடுப்பட்டையிலோ குஜராத்தின் பட்டோலாப் பட்டில் பூத்த எட்டிதழ்ப் பூ.

இந்தத் துணியைத்தான் வெளியுலகம் தீண்டாத தீவின் கலை என்று சொல்லி விற்கிறார்கள். வாங்குகிறவரும் அப்படி நம்பித்தான் வாங்குகிறார். விமானம் ஏறி, படகு மாறி, மண்சாலையில் குலுங்கிப் போய்ச் சேர்ந்த களைப்பே அந்த நம்பிக்கையை உறுதிப்படுத்திவிடுகிறது. இவ்வளவு தொலைவில் இருப்பது தனித்துத்தான் இருந்திருக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு தவறு என்பதே கடந்த நூறாண்டுக் காலத் துணியாய்வு சொல்லும் செய்தி.

தீவுத் துணியைத் தேடிப் போகும் பழக்கம் புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு ஓவியர் நியூவென்காம்ப் பாலியில் சுற்றித் துணிகளைப் பதிவு செய்தார். 1935இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து ஆல்ஃபிரட் பியூலர் சுண்டாத் தீவுகளுக்கு வந்து, நூல் கட்டும் முறைகளைக் குறித்துக்கொண்டு போனார். சும்பாத் துணியின் வடிவமைப்பு அந்தத் தீவின் சமூக அமைப்போடு எப்படிப் பின்னியிருக்கிறது என்று 1969இல் எழுதியவர் மேரி ஜீன் ஆடம்ஸ். மேட்டிபெல் கிட்டிங்கர், ராபின் மாக்ஸ்வெல், ரூத் பார்ன்ஸ், ஜெனவீவ் டுகன், ஜில் ஃபோர்ஷி என்று இந்த வரிசை நீள்கிறது. இவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அது தற்செயலாக இருக்க முடியாது. சாயப்பானையின் பக்கத்தில் ஆண் ஆய்வாளரை அனுமதிக்காத ஊர்கள் அங்கே உண்டு.

முதலில் தொழில்நுட்பம். இதைத் தமிழ் வாசகருக்குச் சொல்வது எளிது, ஏனென்றால் மதுரைச் சுங்குடி நமக்குத் தெரியும். சுங்குடியில் நெய்து முடித்த துணியைக் கிள்ளிக் கட்டிச் சாயத்தில் முக்குகிறோம். கட்டிய இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கிறது. இக்கத் என்னும் இந்தத் தீவுகளின் முறையில் துணியே இன்னும் பிறக்கவில்லை. பாவு நூலைச் சட்டத்தில் இழுத்துப் பூட்டி, பூவோ குதிரையோ வரவேண்டிய இடங்களை எண்ணியெண்ணிப் பனை வகை ஓலைக் கீற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். முக்கி, காயவைத்து, சில கட்டுகளை அவிழ்த்து, வேறு சிலவற்றைக் கட்டி, அடுத்த நிறத்தில் முக்குகிறார்கள். தறியில் ஏறும்போதே குதிரை நூலில் நிற்கிறது. நெய்வது அதைச் சிதறாமல் பிடித்துவைக்கும் வேலைதான். ‘மெங்இக்கத்’ என்றால் மலாய் மொழியில் கட்டுவது. இன்று உலகம் முழுதும் வழங்கும் இக்கத் என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

தறியும் எளியது. ஒரு முனை கம்பத்திலோ சுவரிலோ. மறுமுனை நெய்பவளின் இடுப்பில் வார் போட்டுக் கட்டியிருக்கும். அவள் பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் குனிந்தால் தளரும். அவள் எழுந்து போய்விட்டால் அங்கே தறி என்று எதுவும் மிஞ்சாது, நாலைந்து குச்சிகளும் நூலும் மட்டும் கிடக்கும். பாவு வளையமாக ஓடுவதால் நெய்து முடிந்த துணியும் முனையில்லாத வளையமாகவே தறியிலிருந்து இறங்குகிறது. பாலியின் தெங்கானான் ஊரில், இப்படி வெட்டாமல் விட்ட வளையத் துணிக்குத்தான் சடங்கில் முழு ஆற்றல் உண்டு.

தெங்கானானைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பாலியின் கிழக்கே கரங்கசெம் வட்டாரத்தில், மலையிடுக்கில் இருக்கும் ஊர். இந்தோனேசியா முழுவதிலும் பாவையும் ஊடையையும் இரண்டையுமே கட்டிச் சாயமிட்டு நெய்யும் மரபு இந்த ஓர் ஊருக்கே உரியது. குஜராத்தின் பாட்டன் நகரப் பட்டோலா, தெலங்கானாவின் சில நெசவூர்கள், ஜப்பானின் சில இடங்கள் என்று உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் இரட்டை இக்கத் இருக்கிறது. தெங்கானான் துணியின் பெயர் கெரிங்சிங். ‘கெரிங்’ நோய்; ‘சிங்’ இல்லை. நோயண்டாத் துணி. பல்லை ராவிச் சமன்செய்யும் பாலிச் சடங்கில் தலையணையின் மேல் இதை விரிப்பார்கள். முள் நிறைந்த தாழை வகை மடலால் இளைஞர்கள் அடித்துச் சண்டையிடும் ஊர்த்திருவிழாவிலும் இதையே அணிவார்கள்.

இதன் நிறங்கள் மூன்று: நூலின் வெண்மஞ்சள், செம்பழுப்பு, ஏறக்குறைய கறுப்பு. நூலை முதலில் கெமிரி என்னும் கொட்டையின் எண்ணெயும் மரச்சாம்பல் நீரும் கலந்த கலவையில் வாரக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். பருத்தி சிவப்புச் சாயத்தை இலேசில் ஏற்காது. எண்ணெய் ஏறிய நூல்தான் பிடித்துக்கொள்ளும். சிவப்பு வருவது நம்மூர் நுணாவின் இனத்தைச் சேர்ந்த மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து. அந்தப் பட்டை கடல் தாண்டி நுசா பெனிடாத் தீவிலிருந்து வருகிறது. அவுரி நீலமோ ஊருக்குள் தோய்க்கக் கூடாதது. நூலைப் பக்கத்திலுள்ள புக்புக் கிராமத்துக்குக் கொடுத்தனுப்பித் தோய்த்து வாங்குகிறார்கள். நீலத்தின் மேல் சிவப்பு ஏறினால் அந்தக் கறுப்பு. ஆக, மதில் சூழ்ந்து வெளியாரோடு மணவுறவுக்கும் விதி வைத்திருக்கும் ஓர் ஊரின் தூய்மைத் துணியே இன்னொரு தீவின் பட்டையும் இன்னோர் ஊரின் கையும் சேராமல் உருவாவதில்லை. தீவுத் துணி என்பது என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன்.

அவுரிக்கு வேறொரு முகமும் உண்டு. மேற்குச் சும்பாவில் கோடி என்னும் வட்டாரத்தின் நீலச்சாயக்காரிகளைப் பற்றி மானுடவியலாளர் ஜேனட் ஹாஸ்கின்ஸ் எழுதியது இத்துறையின் மிகச் சிறந்த பக்கங்களில் சேரும். அங்கே நீலம் தோய்ப்பது வயது முதிர்ந்த பெண்கள் காக்கும் இரகசிய வித்தை. மூலிகை அறிவும் மருத்துவச்சி வேலையும் அதோடு ஒட்டி வருகின்றன. ஆண்கள் சாயக்குடிலை நெருங்கக் கூடாது. கருவுற்றவள் பானைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. பானையில் நுரைத்துக் கலங்குவதுபோல வயிற்றில் உள்ளதும் கலங்கிவிடும் என்பது அச்சம். பானையும் கருப்பையும் ஒன்றுக்கொன்று உவமை. நூல் பானையிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக வெளிவந்து காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறுவதைப் பார்த்தவருக்கு, அதைப் பிறப்போடு சேர்த்து எண்ணத் தோன்றியதில் வியப்பில்லை. கடையில் தொங்கும் துணியைத் தடவிப் பார்க்கும் பயணிக்கு இதில் எதுவும் கண்ணில் படாது.

இனி ஆய்வாளர்களிடையே நடந்த வழக்குக்கு வருவோம். இந்தக் கலை எங்கிருந்து வந்தது?

பழைய விடை, வட வியட்நாமின் தொங்சோன் வெண்கலப் பண்பாடு. அந்த முரசுகள் தீவுகளில் கிடைக்கின்றன. அவற்றிலுள்ள சுருள்களும் கொக்கிகளும் துணிகளிலும் இருக்கின்றன. ஆகவே துணிக்கலையும் அந்த வழியே வந்தது என்றார்கள். வடிவம் ஒத்திருப்பதை வைத்து வம்சம் சொல்வது எவ்வளவு பலவீனமானது என்பது பின்னால்தான் உறைத்தது. இரண்டாவது விடை இந்தியா. பட்டோலாவின் தாக்கத்தைப் பற்றி 1959இல் விரிவாக எழுதியவர் அதே பியூலர். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி மணச்சரக்கு வணிகத்துக்காகத் தீவுத் தலைவர்களுக்குப் பட்டோலாவைப் பரிசாகக் கொடுத்து வந்தது. அப்படி வந்த பட்டு அரசகுலச் சொத்தானது. அதன் பூவையும் கரையையும் முந்தியின் முக்கோண வரிசையையும் உள்ளூர்ப் பெண்கள் பருத்தியில் கொண்டுவந்தார்கள். ரோட்டேத் தீவிலும் சும்பாவிலும் பட்டோலா வடிவம் உயர்குடியின் உரிமையாயிற்று. லெம்பாட்டாத் தீவின் லாமலேரா ஊரில் குலத்துக்குக் குலம் பழைய பட்டோலாவைக் குலச்சொத்தாகப் பேணுவதை ரூத் பார்ன்ஸ் பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் இந்த விடையையும் முழுதாக ஏற்க முடியாது. பட்டோலா பட்டு, இரட்டைக் கட்டு. தீவுத் துணி பருத்தி, பெரும்பாலும் பாவில் மட்டும் கட்டு, தறியும் வேறு. குஜராத்திலிருந்து வந்தது வடிவம். கட்டும் கை உள்ளூர்க்கை. 2012இல் கிறிஸ்டோபர் பக்லி, உயிரினங்களின் வம்சாவளி காணப் பயன்படுத்தும் கணக்குமுறையைத் தென்கிழக்காசியப் பாவு இக்கத்துக்குப் பொருத்திப் பார்த்தார். இந்த மரபுகள் ஆசியப் பெருநிலத்திலிருந்த ஒரே மூதாதை மரபிலிருந்து, மக்கள் பெயர்ச்சியோடு கிளைத்தவை என்பது அவர் முடிவு. எனக்கு இந்த விளக்கம் மற்ற இரண்டையும்விட ஏற்புடையதாகத் தோன்றுகிறது. நூல் கட்டும் வித்தை தாயிடமிருந்து மகளுக்கு உடல்வழியாக வருவது. படகில் வந்த ஒரு துணியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடியது அல்ல. பூவைப் பார்த்துப் போட்டுவிடலாம், முடிச்சைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பழக முடியும். ஆகவே ஒரே துணியில் இரண்டு காலங்கள் இருக்கின்றன: கைக்குள் மிகப் பழைய குடிபெயர்வு, கண்ணுக்கு முன்னால் சில நூற்றாண்டு வணிகம்.

அந்த வணிகத்தில் நம் கரைக்கும் பங்கு உண்டு. பாலியின் வடகரையில் செம்பிரான் என்ற இடத்தில் இ வாயன் ஆர்திகா நடத்திய அகழாய்வில், அரிக்கமேட்டில் கிடைப்பது போன்ற ரௌலட்டட் மட்பாண்டங்கள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தொடர்பு அது. 1511இல் போர்த்துகீசியர் பிடிப்பதற்கு முன்பே மலாக்காத் துறைமுகத்தில் ‘கெலிங்’ வணிகர்கள், அதாவது சோழமண்டலக் கரையின் தமிழரும் தெலுங்கரும், துணி வணிகத்தில் முன்னணியில் இருந்தார்கள். 1613இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியாக் கோட்டையைக் கட்டியது துணிக்காகத்தான். மலுக்குத் தீவுகளில் கிராம்பையும் ஜாதிக்காயையும் வாங்க வெள்ளியைவிடத் துணி நன்றாகச் செல்லுபடியானது. அந்தத் துணியின் சிவப்பு நம் மணற்பாங்கான கரைகளில் தோண்டிய சாயவேரின் சிவப்பு. இன்றும் மலாய் உலகில் கட்டம் போட்ட சாரத்துக்குக் ‘காயின் பெலிக்காத்’ என்றே பெயர். பெலிக்காத் என்பது பழவேற்காடு.

வந்த துணி என்ன ஆயிற்று? சுலவேசியின் தொராஜா மலைமக்கள் அதை மடித்துப் பெட்டியில் வைத்துச் சடங்குக்கு மட்டும் எடுத்தார்கள். அதனால் அது அழியாமல் நின்றது. தொராஜாவிலிருந்து வந்த குஜராத் அச்சுத்துணிகள் சில கரிமக் காலக்கணிப்பில் 14ஆம் நூற்றாண்டுக்குப் போகின்றன. சோழமண்டலத் துணிகளும் அப்படியே அங்கு தங்கின. இங்கே உடுத்திக் கிழிந்து போனவை, அங்கே தெய்வமாகிப் பிழைத்தன.

துணி அங்கே என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்க்காமல் அதன் அழகை மட்டும் பேசுவது பாதிப் பேச்சு. சும்பாவில் கல்யாணம் என்றால் பெண்வீட்டார் துணியும் பன்றியும் தருவார்கள். மாப்பிள்ளை வீட்டார் குதிரை, எருமை, பொன் அணி தருவார்கள். ஓட்டிப் போகக்கூடியதும் உருக்கி வார்த்ததும் ஆண்பக்கம், நெய்ததும் வளர்த்ததும் பெண்பக்கம். லாமலேராவில் பெண்ணுக்கு ஈடாக யானைத் தந்தம் வரும். யானையே இல்லாத தீவில் தந்தம் ஏது என்றால், அதுவும் கடல்வழி வந்த பழஞ்சொத்துதான். அதற்கு எதிர்முறையாகப் போவது மூன்று துண்டு இணைத்த சிவந்த துணி. சும்பாவில் உயர்குடியினர் இறந்தால் பத்துக்கணக்கான துணிகளைச் சுற்றித்தான் பெருங்கல் குழிக்குள் இறக்குவார்கள். ஓராண்டும் அதற்கு மேலும் உழைத்து நெய்தது மண்ணுக்குள் போகிறது. வீண் என்று நமக்குத் தோன்றலாம். அவர்களுக்கு அது கடன் தீர்த்தல்.

சாபுத் தீவு இன்னும் நுட்பமானது. அங்கே ஒவ்வொருவரும் தாய்வழியாகப் பெரும்பூங்கொத்து, சிறுபூங்கொத்து என்ற இரு பிரிவுகளில் ஒன்றைச் சேர்ந்தவர். தொடக்கம் இரு சகோதரிகள். பெண்ணின் சாரத்திலுள்ள பட்டைகளையும் பூவையும் பார்த்து அவள் எந்தப் பிரிவு என்று சொல்லிவிடலாம். இறந்தவளுக்கு அவள் வழியின் துணியையே உடுத்துவார்கள், முன்னோர் அடையாளம் கண்டு அழைத்துக்கொள்வதற்காக. இந்தச் சாபுக்காரர்களும் பக்கத்து ரோட்டேக்காரர்களும் பனையை நம்பி வாழ்ந்தவர்கள். பதநீர் குடித்தும் பாகு காய்ச்சியும் வறண்ட மாதங்களைக் கடத்தும் அவர்கள் பொருளாதாரத்தைப் பற்றி ஜேம்ஸ் ஃபாக்ஸ் 1977இல் ஒரு முழு நூல் எழுதினார். அந்தப் பனைக்கு இந்தோனேசிய மொழியில் பெயர் லொந்தார். பாலியில் ஓலைச்சுவடிக்கும் அதுவே பெயர். ஆண் மரமேறுகிறான், பெண் நூல் கட்டுகிறாள். இராமநாதபுரத்திலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்தவருக்கு அந்த நிலம் அந்நியமாக இராது.

இப்போது சந்தை. சும்பாத் துணி விற்பனைக்கு வந்தது நேற்றல்ல. டச்சு ஆட்சிக் காலத்திலேயே ஹிங்கிகள் ஜாவாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏராளமாகப் போகத் தொடங்கின. வாங்குவோர் விரும்பிய பெரிய உருவங்களும் புதிய காட்சிகளும் அப்போதிருந்தே துணியில் வந்தன. ஃபோர்ஷி 2001இல் எழுதிய நூலில் பாலிக்குத் துணி சுமந்து போகும் சும்பா வணிகர்களையும், அருங்காட்சியகப் படநூலைப் பார்த்துப் பழைய வடிவத்தைத் திரும்ப நெய்யும் பெண்களையும் காணலாம். இதைக் கலப்படம் என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிங்கத்தையும் டிராகனையும் உள்ளே இழுத்த அதே கைதான் இதையும் செய்கிறது.

கலப்படம் வேறிடத்தில் இருக்கிறது. ஜாவாவின் ஜெபாரா பக்கம் த்ரோசோ என்ற நெசவூரில் மிதிதறியில் சும்பா வடிவங்களை விரைவாக நெய்கிறார்கள். அதுவும் கைநெசவுதான், அந்த நெசவாளரையும் குறை சொல்ல முடியாது. அதைப் பாலியின் கடைகளில் சும்பாத் துணி என்று விற்பதுதான் குற்றம். ஓராண்டு உழைப்பின் விலையை அது கீழே இழுக்கிறது. புதுத் துணியைச் சேற்றிலும் தேநீரிலும் ஊறவைத்துப் பழையதாக்கி விற்பதும் உண்டு. பழையதுதான் உண்மையானது என்று வாங்குபவர் பிடிவாதம் பிடிப்பதால் விளைந்த பொய் அது.

மற்றத் தீவுகள் இதை எப்படிச் சமாளித்தன? ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் நெய்யும் ஹாரிஸ் ட்வீடுக்கு 1993இல் பிரிட்டன் தனிச்சட்டமே இயற்றியது: அத்தீவுவாசிகள் தங்கள் வீட்டில் கையால் நெய்தது மட்டுமே அந்தப் பெயரைத் தாங்கலாம். ஒக்கினாவாவின் கிஜோக்கா கிராமத்தில் வாழைநார்த் துணியை மீட்ட தாய்ரா தோஷிகோவை 2000இல் ஜப்பான் வாழும் தேசியச் செல்வமாக அறிவித்தது. ஒன்று பெயரைக் காத்தது, மற்றது ஆளைக் காத்தது. இந்தோனேசியாவில் 1998இல் பாலியின் உபுதில் தொடங்கிய த்ரெட்ஸ் ஆஃப் லைஃப் வேறு வழியில் போனது: நெய்பவர்களிடம் நேரடியாக வாங்கி, இயற்கைச் சாயத்தின் மூலப்பொருளையும் கவனித்தது. நுணாச் சிவப்புக்குப் படிகாரத்தின் இடத்தில் உதவுவது லோபா என்னும் மரத்தின் பட்டையும் இலையும். நம் சித்த மருந்துக்கடை வெள்ளிலோத்திரத்தின் இனம். பட்டையை உரித்தால் மரம் சாகிறது. உதிர்ந்த இலையிலேயே போதிய சத்து இருப்பதைப் பயன்படுத்தி, இலை பொறுக்கும் மலைக்கிராமத்துக்கு வருமானமும் நெசவாளருக்குச் சாயமும் கிடைக்க வழி செய்தார்கள். சட்டத்தையும் பட்டத்தையும்விட இதுவே எனக்குப் பெரிய வேலையாகப் படுகிறது. மரம் போய்விட்டால் பெயரைக் காத்து என்ன செய்வது?

போகிறவர்கள் போகலாம், வாங்கலாம். விற்பதற்கென்று நெய்ததை நெய்தவளிடமோ அவளுடைய குழுவிடமோ அவள் சொன்ன விலைக்கு வாங்குவதில் ஒரு தவறும் இல்லை. சாயம் கடைச்சாயம் என்றால் அதையும் மதித்தே வாங்கலாம். தன் மகள் கல்யாணத்துக்கு அவள் தேர்ந்த நிறம் அதுவாக இருக்கக்கூடும். பெட்டிக்குள் இருக்கும் குலத்துணியை மட்டும் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். காட்டினால் விலை கேட்காதீர்கள். பள்ளிக்கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் அவை கைமாறியிருக்கின்றன, திரும்பி வந்ததில்லை.

தமிழ் ஆய்வாளர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். சோழமண்டலக் கரையில் நெய்து எழுதி அனுப்பிய பழந்துணிகள் இந்தத் தீவுகளிலும், அங்கிருந்து அவை போய்ச் சேர்ந்த ஐரோப்பிய அருங்காட்சியகங்களிலும்தான் அதிகம் மிஞ்சியிருக்கின்றன. நம் நெசவின் வரலாற்றை எழுத முனைகிற எவரும் தொராஜா மலைக்கு ஒரு முறை போய்வர வேண்டும்.